உங்க ஊர் எது என்று கேட்டவனுக்கு

மாரிமுத்து, நீ போட்ட கடுதாசி வந்து சேர்ந்துச்சு. வாத்தியார் ஒரு தடவை படிச்சார். நான் அடுப்படியில இருந்தேன், காதுல சரியா விழலையோன்னு முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டு வந்து, இன்னொரு தடவை படிங்கன்னேன். சரியாத்தான் விழுந்திருக்கு. "அம்மா, இனிமேல் நீ அங்கே கிடந்து அல்லல்பட வேண்டாம். நம் ஊரிலேயே, துறையூரில், உனக்கு ஒரு வீடு கட்டித் தருகிறேன். கடைசிக் காலத்தில் சொந்த மண்ணில் நிம்மதியாக இரு." இதானே எழுதியிருக்க? சொந்த மண்ணாம், நிம்மதியாம்! எழுதுறப்ப உன் கை கூசலையாடா? நீ எங்களுக்குப் பண்ணிட்டுப் போன காரியம் பத்தாதுன்னு வீடு வேற கட்டித் தர்றியா?

இதை எழுதுறது நம்ம தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான். தங்கமான மனுஷன். ஆனா நான் 'வயிறு எரியுது'ன்னு சொன்னா அவர் 'மனம் வருந்துகிறது'ன்னு எழுதப் பாக்குறார். "ஐயா, எரியுறது என் வயிறு, நான் சொன்னபடியே எழுதுங்க"ன்னு ஒரு சத்தம் போட்டப்புறம்தான் வழிக்கு வந்தார். எழுதி முடிச்சதும் கோயிலடியில வச்சு இதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டப் போறேன். அப்புறம்தான் தபால். அம்மாவுக்கும் மகனுக்கும் உள்ளதை ஏன் சந்தியில போடணும்னு வாத்தியார் கேட்டார். நீ எங்களைப் பத்திப் பேசினது அடுப்படியில வச்சா? பதுளை டவுன்ல, சர்க்கார் பங்களாவுல, அத்தனை துரைமார் முன்னாடி நின்னு பேசின. ஊரறியப் பண்ணின காரியத்துக்கு ஊரறியத்தான் பதில்.

நீ பொறந்ததை மொதல்ல சொல்றேன், ஏன்னா வழக்கே அதுலதான் இருக்கு. அப்ப இந்தக் கோப்பிக்காட்டுல கோப்பிச் செடி நோய் விழுந்து செத்துக்கிட்டு இருந்த காலம். இலை பூராவும் மஞ்சப் பொடி பூத்து உதிர்ந்து, காடே மொட்டையா நின்னுச்சு. துரைக்கு இருக்கவா போகவான்னு தெரியல. பாதி ஆளுகளை வேற தோட்டத்துக்கு அனுப்பியாச்சு. நான் நெறமாசம். ஐப்பசி மழை பிடிச்சுக்கிட்டு, லயத்து வரிசை வீட்டுக் கூரையில ஒழுகாத எடம் இல்ல. எங்க ஒத்தை ரூம் காம்பிராவுக்கு அடுத்த காம்பிரா ராக்காயிதான் எனக்கு மருத்துவம் பாத்தா. உங்க அப்பா வாசல்ல சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு, உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம நின்னு நனைஞ்சார். மழையோட மழையா நீ விழுந்த, அதனால மாரிமுத்துன்னு பேர் வச்சோம். சீமையில 'மிஸ்டர் முத்து'ங்கிறாங்களாமே உன்னை, மாரியை எங்கடா தொலைச்ச? நீ பொறந்த அந்தக் காம்பிரா இன்னும் நிக்குது. ராக்காயி அதுல ஆடு கட்டியிருக்கா. அவளும் உசிரோடதான் இருக்கா, கண்ணு மட்டும் கொஞ்சம் மங்கல்.

அப்புறம் துரை ஒரு நாள் மூட்டை கட்டிக்கிட்டுப் போனான். போனவன் திரும்பி வரவே இல்ல. நாங்க எங்க போறது? பக்கத்துல தேயிலை போட்ட தோட்டத்துல வேலைக்குப் பேர் கொடுத்துட்டு, குடியிருப்பு மட்டும் இங்கேயேன்னு இருந்துட்டோம். விடிஞ்சதும் அங்கே பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போய் நிக்கிறது, பொழுது சாய்ஞ்சதும் இங்கே வந்து மண்ணைக் கொத்துறது. செத்த கோப்பி வேரைப் பிடுங்கிப் பிடுங்கி உங்க அப்பாவுக்கு இடுப்பே நிமிராமப் போச்சு. இன்னைக்கு இங்க பலா காய்க்குது, வாழை நிக்குது, பந்தல்ல அவரை தொங்குது, ஞாயித்துக்கிழமை பதுளைச் சந்தைக்குக் கத்தரிக்காய் போகுது. இதெல்லாம் சும்மா வந்துச்சா? இந்தக் காணியை எங்க பேருக்கு எழுதிக் கொடுங்கன்னுதான் சர்க்காருக்கு மனுப் போட்டோம். பக்கத்துத் தோட்டத்துக்காரங்க, இல்ல, எங்களுக்கு விக்கணும்னு கேட்டாங்க. அதை விசாரிக்கத்தான் கொழும்புல இருந்து ஒரு துரை வந்தார். வழக்கு இவ்வளவுதான். இதுல உனக்கு என்னடா வேலை?

நீ சின்னதுலேயே வாய் சும்மா இருக்க மாட்ட. கடையில அரிசி விலை எறங்கிருச்சு, தோட்டத்துல கொடுக்குற அரிசி மட்டும் ஏன் எறங்கலன்னு பெரட்டுக் களத்துல வச்சு கங்காணியைக் கேட்டவன் நீ. அவன் விட்டான் கன்னத்துல ஒண்ணு. நான் கூடையைக் கீழ போட்டுட்டு வந்து, அத்தனை பேர் முன்னாடி அவனை வாங்கு வாங்குன்னு வாங்கினேன். "புள்ளை கேட்டதுக்குப் பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, கையை ஏன் நீட்டுற?" அதுக்குப் பழி வாங்கி, அந்த மழைக்காலம் பூராவும் என்னை ஆடு கூட ஏறாத செங்குத்து மலைக்குக் கொழுந்தெடுக்க விரட்டினான். போகட்டும். அன்னைக்கே உங்க அப்பாகிட்ட சொல்லிட்டேன், இவன் தோட்டத்துக்கு ஆக மாட்டான், பதுளை மிசன் பள்ளிக்கூடத்துல சேருங்கன்னு. அங்க பாதிரியாருக்கு உன்னைப் பிடிச்சுப் போச்சு. அவர் தயவுல கொழும்பு, கொழும்புல இருந்து சீமை. அங்க என்ன படிக்கிறன்னு கேட்டதுக்கு, "கூலி ஏன் ஏறுது, விலை ஏன் எறங்குது, ஜனங்க ஏன் ஒரு எடத்தை விட்டு இன்னொரு எடத்துக்குப் போறாங்க, அதைப் படிக்கிறேன்"னு எழுதின. கங்காணிகிட்ட கேட்ட கேள்வியத்தான் எம் புள்ளை கப்பலேறிப் போய்க் கேக்குதுன்னு பீலிக்கரையில தண்ணி பிடிக்கிற பொம்பளைங்ககிட்ட எல்லாம் பீத்திக்கிட்டேன்.

நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. குடியிருக்க ரூம் கேட்டுப் போனா கதவைத் தொறந்து மூஞ்சியப் பாத்துட்டுச் சாத்துனாங்கன்னு எழுதின. பகல்ல காலேஜ்ல படிச்சுக்கிட்டு, ராத்திரியில பஞ்சாலைக்காரங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்னு எழுதின. உன் உச்சரிப்பைக் கேட்டுப் பையனுங்க பின்பெஞ்சுல சிரிச்சாங்க, மறு வருசம் அதே பையனுங்க உன் வகுப்புல எடம் இல்லாம நின்னுக்கிட்டுக் கேட்டாங்கன்னு எழுதின. உனக்கு மேல இருந்தவர் போனதும் அந்த எடத்தை உனக்குத் தராம ரெண்டு தடவை வேற ஆளை உக்கார வச்சாங்க. அப்புறம்தான் புரபசர் ஆன. ஆனப்புறம் ஒரு கடுதாசி போட்ட பாரு, அதை நான் மறக்கல. "அம்மா, எந்த விருந்துக்குப் போனாலும் பக்கத்தில் இருப்பவர் கேட்கிற முதல் கேள்வி, எப்போது உங்கள் நாட்டுக்குத் திரும்பப் போகிறீர்கள் என்பதுதான். எனக்கு வேலை இங்கே, வீடு இங்கே, பிள்ளைகள் பிறந்தது இங்கே. இன்னும் எத்தனை காலம் நான் விருந்தாளி?" அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு நான் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல. எம் புள்ளையை இப்படிக் கேக்குறானுங்களே பாவிங்கன்னு மண்ணை வாரித் தூத்தினேன். இப்ப உன்னை என்ன சொல்லித் தூத்துறது, நீயே சொல்லு.

போன மாசியில நீ வந்தப்ப ஏன் வர்றேன்னு எனக்கு எழுதல. தோட்டத்துத் துரைமாருதான் கூப்பிட்டாங்கன்னும், அவங்க பங்களாவுலதான் எறங்கியிருக்கேன்னும் வந்தப்புறம்தான் தெரிஞ்சுச்சு. ரயில் இப்ப பதுளை வரைக்கும் வருதே, டேசன்லயாவது உன்னைப் பாத்திருப்பேனே. சரி, பெரிய மனுஷன், ஆயிரம் சோலி இருக்கும்னு விட்டுட்டேன். ரோட்டுல காரை நிறுத்திட்டு, தொப்பியும் கோட்டுமா நீ ஒத்தையடிப் பாதையில எறங்கி வந்த. கோழி அடிச்சேன். ரெண்டாம் தடவை நீயே கேட்டு வாங்கிச் சாப்பிட்ட. மடியில தலைய வச்சு ஒரு நாழி படுத்திருந்த. எம் மகன் வந்துட்டான், விசாரணையில நமக்காகப் பேசப் போறான், இனி காணி நம்ம கையிலதான்னு நெனச்சேன். நான் மட்டுமா நெனச்சேன்? கோப்பிக்காடு பூராவும் நெனச்சுச்சு. மறுநாள் நீ பென்சிலும் கையுமா வாசல் வாசலா வந்தப்ப, உக்கார வைக்க எல்லாரும் பலகையைத் தொடச்சுப் போட்டாங்க.

நீ கேட்டது ஒரே கேள்வி. "உங்க ஊர் எது?" கருப்பையா மாமா சிரிச்சார். "என்ன மாப்ளே, தெரியாத மாதிரி கேக்குற? நமக்கு முசிறிப் பக்கம்." நீ எழுதிக்கிட்ட. அடுத்த வாசல்ல பெரம்பலூர்ன்னாங்க. அதுக்கும் அடுத்ததுல நாமக்கல்னாங்க. ராக்காயி, "எங்களுக்குத் தொட்டியம்டா, உனக்குத் தெரியாதா"ன்னா. எல்லாத்தையும் எழுதிக்கிட்டு, "சரி, வர்றேன்"னு அடுத்த வாசலுக்குப் போயிட்ட. ஏண்டா, அதுக்கு அடுத்த கேள்வி ஒண்ணு இருக்கே, அதை ஏன் கேக்கல? "அந்த ஊரைப் பாத்திருக்கீங்களா?"ன்னு ஏன் கேக்கல? கருப்பையா மாமா நெனவு தெரிஞ்சு முசிறியைப் பாத்ததில்ல. அவர் அப்பன் கூட்டியாந்தப்ப அவர் கைக்குழந்தை. ராக்காயி மகளும் மக புள்ளைங்களும் பண்டாரவளைக்கு அந்தாண்டை போனதில்ல. ஆனா கேட்டா எல்லாரும் தொட்டியம்னுதான் சொல்லுவாங்க.

அது ஏன்னு உனக்குத் தெரியாதுன்னா பொறுமையாச் சொல்லிக் கொடுத்திருப்பேன். உனக்குத் தெரியும். இங்க ஒருத்தனைப் பாத்து 'உங்க ஊர் எது'ன்னு கேட்டா, நீ எங்க குடியிருக்கன்னா கேக்குறோம்? நீ யாரு, என்ன வகையறா, எந்தச் சாமி கும்பிடுறவங்க, உங்க வீட்டுல பொண்ணு எடுக்கலாமா கொடுக்கலாமான்னு கேக்குறோம். அதுக்குச் சொல்ற பதில்தான் துறையூரும் முசிறியும். கல்யாணம் பேச வர்றவன்கிட்ட போய் 'எங்க ஊர் பதுளை'ன்னு சொன்னா, என்னமோ மறைக்கிறான்னு எந்திரிச்சுப் போயிருவான். உன் தங்கச்சியைப் பொண்ணு பாக்க வந்தப்ப வாசல்ல நின்னு 'துறையூர்'னு பதில் சொன்னதே நீதானே? அப்படிச் சொன்னதால அவ துறையூர்ல பொறந்தவளாயிட்டாளா? இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டே, சீமைக்காரன் காதுக்கு ஏத்த மாதிரி அதைத் திருப்பிப் போட்ட பாரு, அதுக்குப் பேர் படிப்பாடா?

இன்னொண்ணும் கேட்டுக்க. அந்தத் துறையூருக்கு உன்னைக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கேன். உன் பெரியப்பா மக கல்யாணம். உனக்கு அப்ப மீசை கூட மொளைக்கல. வாசப்படி ஏறுறதுக்குள்ள உன் பெரியம்மா உள்ளுக்குக் குரல் கொடுத்தா, "கண்டிக்காரி வந்திருக்கா, அந்தப் பழைய பாயை எடுத்துப் போடு." இலங்கைன்னாலே அவங்களுக்குக் கண்டிதான். கிணத்துல நான் கயித்தைத் தொட்டதுக்கு ஒருத்தி முணுமுணுத்தா, கடல் தாண்டினவ, என்ன தின்னாளோ எங்க படுத்தாளோன்னு. வந்த மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர் வெத்தலை போட்டுக்கிட்டே கேட்டார், "எப்ப உங்க ஊருக்குப் பொறப்படுறீங்க?" நீ என் சேலையப் பிடிச்சு இழுத்துக் கேட்ட, "ஏம்மா, நம்ம ஊருன்னுதானே கூட்டியாந்த, இவங்க ஏன் நம்மளை உங்க ஊருக்குப் போங்கிறாங்க?" பேசாம இருடான்னேன். தூத்துக்குடியில கப்பலேறி, கொழும்புல எறங்கி, பண்டாரவளை வரைக்கும் ரயில்ல வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில வந்தோம். பதுளை ஆத்துப் பாலம் தெரிஞ்சதும் வண்டியில இருந்து குதிச்சு, "ஊருக்கு வந்தாச்சு, ஊருக்கு வந்தாச்சு"ன்னு முன்னாடி ஓடினது யாரு? நீதாண்டா.

இப்ப விசாரணைக்கு வர்றேன். நாங்க எல்லாரும் பின்னால செவத்தோரமா நின்னோம். வாத்தியாரும் எங்க கூட நின்னார். நீ முன்னால நாக்காலியில. நீ இங்கிலீசுல பேசப் பேச, சர்க்கார் உத்தியோகம் பாக்குற முதலியார் ஒருத்தர் எங்களுக்குத் தமிழ்ல சொன்னார். இந்த ஜனங்களோட ஊர் இந்தியா, ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரும் அவங்கவங்க ஊர்ப் பேரைச் சொன்னாங்க, இவங்க வந்து போறவங்க, காணி கொடுத்தா வேலைக்கு ஆள் குறையும், அதுக்குப் பதிலா கூலியை ஒசத்திக் கொடுத்தா போதும், சம்பாதிச்சுக்கிட்டு ஊர் போய்ச் சேருவாங்க. இதுதான் நீ சொன்னது. கூலியை ஒசத்தச் சொன்னியே, ரொம்ப சந்தோஷம், நல்லா இருடா. ஆனா நாங்க கேட்டது கூலியா? எங்க பக்கத்துல இருந்தவங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. முதலியார்தான் தப்பா மாத்திச் சொல்றார்னு கருப்பையா மாமா அடிச்சுச் சொன்னார். வாத்தியார்தான் தலையக் குனிஞ்சுக்கிட்டே, இல்லங்க, சரியாத்தான் சொல்றார்னு சொன்னார்.

அதோட விட்டிருந்தாக்கூட, படிச்சவன் புத்தி கோணிப்போச்சுன்னு நெனச்சுத் தொலைச்சிருப்பேன். விசாரணைத் துரை உன்னைப் பாத்து ஒரு கேள்வி கேட்டார். நீங்களும் தமிழர், இந்த ஜனங்களோட பாஷை தெரியுது, இந்தப் பக்கத்தோட உங்களுக்கு ஏதாவது சம்பந்தம் உண்டா, நீங்க பொறந்தது எங்கேன்னு. அவர் நல்ல மனசோடதான் கேட்டார், மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுச்சு. சொல்லிருவான், எல்லாத்தையும் சரி பண்ணிருவான்னு நெனச்சேன். நீ திரும்பி எங்களைப் பாத்த. என்னைப் பாத்த. மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடச்ச. மறுபடி மாட்டிக்கிட்டு, "துறையூர்"னு சொன்ன. அவ்வளவுதான். அது திருச்சி ஜில்லாவுல இருக்குன்னு முதலியார் எடுத்துக் கொடுத்தார், துரை தலைய ஆட்டிட்டு எழுதிக்கிட்டார்.

கருப்பையா மாமா என் தோளைப் பிடிச்சு உலுக்கினார். "ஆத்தா, சொல்லு. நம்ம கோப்பிக்காட்டுல பொறந்தவன்னு சொல்லு. நீ சொன்னா எடுபடும்." என் வாய் தொறக்கல. அத்தனை வெள்ளைக்காரன் உக்காந்திருக்கிற எடத்துல, நான் பெத்த புள்ளையைப் பொய்யன்னு எப்படிச் சொல்லுவேன்? கோட்டும் சூட்டுமா நீ உக்காந்திருந்த அழகைக் கெடுக்க எனக்கு மனசு வரல. என் வாயை நீ நல்லாத் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் அந்தப் பதிலைச் சொன்ன. கங்காணிகிட்ட தொறந்த வாய் உன்கிட்ட தொறக்காதுன்னு உனக்குத் தெரியும். அதை நெனச்சாத்தான் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்குது.

பொய் சொல்லலம்மான்னு நீ சொல்லுவ. தெரியும்டா உன் சாமர்த்தியம். எங்கள்ல யாரைக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்போம், தமிழ்ல அது பொய்யில்ல. ஆனா அந்த மனுஷன் உன்கிட்ட ஊரைக் கேக்கல, பொறந்த எடத்தைக் கேட்டார். வாத்தியார் காதால கேட்டிருக்கார். அவர் இங்கிலீசுல கேட்டார், நீ போய்த் தமிழுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்ட. ஏண்டா ஒளிஞ்ச? சீமையில எல்லார்கிட்டயும் திருச்சி ஜில்லா மிராசுதார் வீட்டுப் புள்ளைன்னு சொல்லி வச்சிருக்கியாமே, உன்னோட வந்த வெள்ளைக்காரச் சேக்காளி ஒருத்தர் வாத்தியார்கிட்ட பேச்சுவாக்குல சொல்லியிருக்கார். மிராசுதாராம்! உங்க அப்பா உசிரோட இருந்து இது காதுல விழுந்திருந்தா சிரிச்சே செத்திருப்பார். லயத்துப் புள்ளைன்னு தெரிஞ்சா மதிக்க மாட்டாங்கன்னு பயந்துட்ட. பயம் யாருக்குத்தான் இல்ல? உன் பயத்துக்கு நீ பொய் சொல்லிக்கிட்டுப் போ, அது உன் பாடு. அந்தப் பொய்யைக் காப்பாத்த எங்க அத்தனை பேர் வீட்டையும் ஏண்டா விலையாக் கொடுத்த?

நீ கப்பலேறிப் போனப்புறம் இங்க நடந்ததைக் கேளு. பீலிக்கரையில நான் போனா பேச்சு நின்னு போகுது. கருப்பையா மாமா என் வாசலைத் தாண்டித்தான் போகணும், மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுப் போறார். ராக்காயி மட்டும்தான் வர்றா. வந்து உக்காந்துக்கிட்டு, "அவன் மேல ஒண்ணும் தப்பில்லடி, பொறந்தப்பவே கொஞ்சம் மூச்சுத் திணறிப் பொறந்தான்"னு உனக்கு வக்காலத்து வாங்குறா. சர்க்கார்ல இருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போயிட்டான். தையில கடைசி விசாரணையாம். புதுசா ஏதும் சாட்சி வரலன்னா காணி பக்கத்துத் தோட்டத்துக்கு. எங்களுக்கு வண்டிச் சத்தம், கப்பல் கட்டணம் எல்லாம் சர்க்காரே கொடுத்து ஊருக்கு அனுப்பி வைக்குமாம். எந்த ஊருக்கு? பழைய பாயை எடுத்துப் போடுற ஊருக்கா? என்னையாவது நீ வீடு கட்டி உக்கார வைப்ப. கருப்பையா மாமாவுக்கு முசிறியில யாரு கதவைத் தொறப்பா? சீமையில உனக்குச் சாத்துன கதவை மறந்துட்டியாடா?

அதனால உன் வீடு எனக்கு வேண்டாம். ஒரு செங்கல் கூட வேண்டாம். எனக்காகக் காணி கேளுன்னு நான் சொல்லல, எங்களுக்காகப் பரிஞ்சு பேசுன்னும் சொல்லல. உன் படிப்பு என்ன சொல்லுதோ அதை நீ சொல்லிக்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் விசாரணைத் துரைக்கு எழுது. நான் பொறந்தது பதுளைக் கோப்பிக்காட்டு லயத்துல, என்னைப் பெத்தவ இன்னைக்கும் அங்கதான் இருக்கா, அந்த ஜனங்க 'ஊர்'னு சொன்னதுக்கு அர்த்தம் வேறன்னு எழுது. தபால் போக வர நாள் இருக்கு. இன்னைக்கே நெனச்சா தைக்குள்ள வந்துரும். உன்னை மாதிரி ஒரு புரபசர் இந்த மண்ணுல பொறந்தவன்னு தெரிஞ்சா, வந்து போறவங்கன்னு எங்களை எவனும் அவ்வளவு லேசாச் சொல்லிற முடியாதுன்னு வாத்தியார் சொல்றார். எனக்கும் அப்படித்தான் படுது.

நீ எழுதலன்னா நான் பேசுவேன். செவத்தோரம் நிக்க மாட்டேன். முன்னால போய் நின்னு, அந்தப் புரபசர் எம் மகன், இந்தக் காட்டுலதான் பெத்தேன், இதோ, மருத்துவம் பாத்தவ இவதான்னு ராக்காயியையும் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போய் நிறுத்துவேன். உன் மானம் போகும், தெரியும். உன் வேலைக்கே ஆபத்து வந்தாலும் வரும்னு வாத்தியார் பயப்படுறார். நானும் எல்லாத்தையும் யோசிச்சுத்தான் சொல்றேன். ஆனா ஒண்ணு. கிழவி ரெண்டு பேர் சொல்றதை விசாரணைத் துரை உடனே நம்பிற மாட்டார். உனக்குத்தான் எழுதிக் கேப்பாராம், இந்தப் பொம்பளை உங்களைப் பெத்தவதானான்னு. வாத்தியார் இதைச் சொன்னதுல இருந்து எனக்கு வேற நெனப்பே இல்ல. அந்தக் கேள்விக்கு உன்கிட்ட இருந்து என்ன பதில் வரும்? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், தெரியலடா. பத்து மாசம் சுமந்தவளுக்கு அது தெரியாமப் போச்சே, அந்த ஆத்திரம்தான் எனக்கு. காணி போனாக்கூட இப்படி எரிஞ்சிருக்காது.

கீழே 'ஆசீர்வாதம்'னு போடட்டுமான்னு வாத்தியார் கேக்குறார். அவன் பதில் வரட்டும்னு சொல்லிட்டேன்.